சகலையின் வீடும் உங்கள் சம்பளமும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வயது 38. தனியார் பள்ளியில் கணித ஆசிரியர், மாதம் 27,000 ரூபாய் சம்பளம். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். ஐந்து சென்டில் சொந்தமாக ஓட்டு வீடு. கடன் கிடையாது. சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அதில் ஒருவர் அபுதாபியில், ஒருவர் பெங்களூரில், இருவர் கப்பலில். அதே நேரத்தில் குவைத்தில் இருக்கும் சகலை, பக்கத்து விளையில் இரண்டு மாடி வீடு வார்த்துவிட்டார். "எனக்கு எதுவும் குறையவில்லை. ஆனால் எல்லாம் குறைந்துபோனது போல இருக்கிறது. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. இது பொறாமையா, வேறு ஏதாவதா? நானும் வெளிநாடு போய்விடட்டுமா?"

தம்பி, பொறாமை என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். பொறாமைக்காரன் அடுத்தவன் வீடு இடிந்தால் மகிழ்வான். சகலையின் வீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்கள்தான் முன்னின்று பந்தி பரிமாறியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது வேறு. உங்கள் சம்பளம் அப்படியே இருக்கிறது. அதை அளக்கும் கோல் மாறிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். உங்களைப் போலவே சில ஆண்டுகள் தூங்காமல் கிடந்தவனும்கூட. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு புதிரை முன்வைத்தார். ஒரே நாட்டுக்குள் பார்த்தால், அதிகம் சம்பாதிப்பவர்கள் குறைவாகச் சம்பாதிப்பவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் நாட்டில் எல்லோருடைய வருமானமும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தபோது, மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. மனிதன் தன் வருமானத்தைச் சுற்றியிருப்பவர்களின் வருமானத்தோடு வைத்து அளக்கிறான் என்பது அவர் சொன்ன விளக்கங்களில் முக்கியமானது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2008இல் பெட்ஸி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் உல்ஃபர்ஸும் பல நாடுகளின் தரவுகளோடு அவரை மறுத்தார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒப்பீடு வலிக்கும் என்ற பகுதியை வேறு பலர் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த எர்சோ லுட்மரின் ஆய்வு அதில் ஒன்று. அமெரிக்காவில் ஒருவருடைய வருமானம் மாறாமல் இருக்க, அவர் வாழும் பகுதியில் மற்றவர்களின் வருமானம் உயர்ந்தால், தன் சொந்த வருமானம் ஏறக்குறைய அதே அளவு குறைந்ததைப் போல அவருடைய மனநிறைவு சரிகிறது என்று அவர் கண்டார். அக்கம்பக்கத்தாரோடு அதிகம் பழகுகிறவர்களுக்குத்தான் இந்தச் சரிவும் அதிகம். "எதுவும் குறையவில்லை, எல்லாம் குறைந்துபோனது போல" என்று நீங்கள் எழுதிய வரியை அந்த ஆய்வுக்குத் தலைப்பாகவே வைக்கலாம்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஆண்ட்ரூ கிளார்க்கும் கிளாடியா செனிக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் மக்களிடம் எடுத்த கருத்தாய்வை 2010இல் அலசினார்கள். நான்கில் மூன்று பேர், வருமானத்தை ஒப்பிடுவது தங்களுக்கு ஓரளவாவது முக்கியம் என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் கூட வேலை செய்பவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். நண்பர்களோடு ஒப்பிட்டவர்கள் குறைவு. ஆனால் மனநிறைவு மிகக் குறைவாக இருந்தது அவர்களுக்குத்தான். கூட வேலை செய்பவரின் சம்பளம், நாளை நமக்கும் அது கிடைக்கலாம் என்ற செய்தியைத் தருகிறது. நண்பனின் சம்பளத்தில் அப்படி ஒரு செய்தியும் இல்லை. உங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் 35,000 வாங்குவது உங்களை ஒன்றும் செய்யவில்லை. பத்தாம் வகுப்பில் பின்பெஞ்சில் இருந்தவரின் திர்ஹம் கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நம் மாவட்டத்தில் இது கூடுதலாகவே குத்துவதற்கு ஒரு காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டம், ஏறக்குறைய 92 விழுக்காடு. ரப்பர் பால்வெட்டுக்காரர் மகனும் எஸ்டேட்காரர் மகனும், வள்ளத்தில் போகிறவர் மகனும் படகு வைத்திருப்பவர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஊர்கள் இங்கே நிறைய. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அம்பானியின் வீட்டைப் பார்த்து நம் ஊரில் யாரும் தூக்கம் கெட்டதில்லை. நம்மோடு ஒரே டியூஷனுக்குப் போனவன், நம்மைவிட நான்கு மதிப்பெண் குறைவாக வாங்கியவன், அவன் வார்க்கும் வீடுதான் கண்ணில் உறுத்துகிறது. சமமாகத் தொடங்கினோம் என்ற நினைவே அந்த வலிக்கு வேர்.

நார்வே நாட்டில் ஒவ்வொருவரின் வருமான வரிக் கணக்கும் நெடுங்காலமாகவே பொதுவில் இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். 2001இல் அதை இணையத்தில் போட்டுவிட்டார்கள். பெயரைத் தட்டினால் அண்டை வீட்டுக்காரர், மைத்துனர், பழைய வகுப்புத் தோழர், எவருடைய வருமானமும் தெரியும். ஊரே தேடத் தொடங்கியது. ரிக்கார்டோ பெரஸ்-த்ருக்லியா இதை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்: வருமானம் அதிகமானவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 விழுக்காடு பெருகியிருந்தது. யாருடைய வருமானமும் மாறவில்லை. எல்லோருக்கும் தெரிந்துபோனது, அவ்வளவுதான். 2014இல், யார் நம் கணக்கைத் தேடினார்கள் என்பதை நாமும் பார்க்கலாம் என்று விதியை மாற்றியதும் தேடல் மளமளவென்று சரிந்தது. உங்கள் வாட்ஸ்அப் குழு ஒரு சின்ன நார்வே.

இப்போது என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிர்வாகம் தரும் தொகுப்பூதியம். அதே துறையில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவருக்கு அரசு ஊதியம். நாங்கள் எடுத்தது ஒரே பாடம். வகுப்பு நேரமும் திருத்திய விடைத்தாளும் ஒரே அளவு. அவர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை. மாதக் கடைசி நாளில் அவர் வங்கிக்குக் கிளம்பும்போது நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். அவர் நல்ல மனிதர். அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியவில்லை. வகுப்பில் என் குரல் தாழ்ந்துவிட்டது என்று மாணவர்களே சொன்னார்கள். ஆறு ஆண்டுகள் அப்படி. பிறகு எனக்கும் நிரந்தரப் பணி கிடைத்தது. கிடைத்த மறுமாதமே, என் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்த இளைஞரின் சம்பளத்தைப் பற்றி நினைப்பதை நான் நிறுத்திவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னாளில் டேவிட் கார்டும் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த நாட்கள் அப்படியே திரும்பி வந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், எல்லோருடைய சம்பளமும் ஓர் இணையதளத்தில் இருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தவர்களில், தன் துறையின் நடுமட்டத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலையில் நிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. நடுமட்டத்துக்கு மேலே இருந்தவர்களிடம் மாற்றமே இல்லை. கீழே இருப்பவரின் இழப்புக்கு ஈடாக மேலே இருப்பவருக்கு ஒரு மகிழ்ச்சியும் சேர்வதில்லை என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. உங்கள் சகலை அந்த மாடி வீட்டில் உட்கார்ந்து உங்கள் ஓட்டு வீட்டைப் பார்த்து இன்பம் அடைவதாக நீங்கள் நினைத்தால், அநேகமாக அது தவறு. அவர் குவைத்தில் தன்னைவிட அதிகம் வாங்கும் ஒரு மேற்பார்வையாளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி மூவரும் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை நாள் கூலிக்கு அமர்த்தினார்கள். ஒரே பொருளைத் தயாரிக்கும் மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் ஏற்கெனவே யார் அதிகம் செய்தார்களோ அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். கூடுதல் வாங்குபவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறாரா என்று கண்ணால் பார்க்க முடியாத தொழில்களில், குறைவாக வாங்கியவர்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டார்கள். வேலைக்கு வருவதே 18 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. கையில் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள்; அந்த அளவுக்கு மனம் ஒடிந்திருந்தது. ஆனால், பக்கத்தில் இருப்பவர் நம்மைவிட அதிகம் செய்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்த தொழில்களில் அதே கூலி வேறுபாடு எந்தப் பாதிப்பையும் உண்டாக்கவில்லை. 2018இல் வெளிவந்தது இந்த ஆய்வு.

அப்படியானால் கூலி வேறுபடுவது மட்டும் மனிதனை உடைப்பதில்லை. தொகை தெரிந்து காரணம் தெரியாமல் இருப்பதுதான் உடைக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் கடற்கரைதான். தூத்தூர், சின்னத்துறை பக்கம் படகு கரைக்கு வந்ததும் மீன் ஏலம் போகிறது. எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் முதலில் கழிக்கிறார்கள். பிறகு படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். படகுக்காரருக்குப் போகும் தொகை பெரிது. அதில் முணுமுணுப்பும் சண்டையும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எண்ணெய் விலை என்ன, எத்தனை நாள் கடலில் கிடந்தோம், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அதே மனிதர்கள் அதே ஊரில் ஒரு வெளிநாட்டு வீட்டைப் பார்த்துப் படும் வேதனையை, பங்குக் கணக்கில் படுவதை நான் கண்டதில்லை.

வெளிநாட்டு வீட்டில் நமக்குத் தெரிவது முகப்பு மட்டும். கேட்டில் போட்ட ஸ்டீல், மாடியில் போட்ட சாய்வு ஓடு. அதன் பின்னே எத்தனை லட்சம் கடன் என்று தெரியாது. மனைவியின் நகை எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரியாது. ஒரு அறையில் எத்தனை பேர் அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்து அந்தத் தொகை வந்தது என்பது தெரியவே தெரியாது. அருமனைப் பக்கம் என் உறவினர் ஒருவர் இருபது ஆண்டுகள் மஸ்கட்டில் இருந்தார். அவர் வீட்டைக் காட்டித்தான் எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு ஆணையும் குறை சொன்னார்கள். அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோது கடிதங்களும் கடன் பத்திரங்களும்தான் இருந்தன. இருபது ஆண்டுகளில் அவர் இந்த மண்ணில் இருந்தது மொத்தம் இருபத்திரண்டு மாதம் என்று அவர் மனைவி பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். எங்கள் ஒப்பீட்டில் அந்தக் கணக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஒப்பீடு மனதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அது பணப்பைக்குள் கை விடும். நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு லாட்டரி என்று ஒன்று உண்டு. ஒரு தெருவுக்குப் பரிசு விழுந்தால் சீட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் பணமும், அவர்களில் ஒருவருக்கு ஒரு பிஎம்டபிள்யூ காரும் கிடைக்கும். 2011இல் வெளிவந்த ஆய்வில், சீட்டே வாங்காத அண்டை வீட்டார்களும் அதற்குப் பிறகு கார் வாங்குவது கூடியிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வில் அவர்களுடைய மகிழ்ச்சி குறைந்ததாகக் காணப்படவில்லை; காசு மட்டும் போனது. நம்மிடம் கார் இடத்தில் வீட்டு வார்ப்பும், மகளின் கல்யாணப் பவுனும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் அறுபது பவுன் போட்டால், இந்த வீட்டில் நாற்பது என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. தம்பி, உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே இடம், "வங்கியில் பதினைந்து லட்சம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருந்த வரி. 27,000 சம்பளத்தில் அந்தத் தவணை உங்களைத் தின்றுவிடும். ஓடு ஒழுகினால் மாற்றுங்கள். சகலையின் மாடி தெரிகிறது என்பதற்காக வார்க்காதீர்கள்.

அடுத்தவர் முன்னேறுவது எப்போதும் வலிக்கும் என்பதும் உண்மையல்ல. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973இல் ஒரு சுரங்கப் பாதையை உதாரணம் காட்டினார். இரண்டு வரிசையாக வண்டிகள் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்து வரிசை நகரத் தொடங்கியதும் நமக்கு மகிழ்ச்சி வருகிறது: சரி, அடுத்து நாமும் நகர்வோம். நேரம் போகப் போக அந்த வரிசை மட்டுமே நகர்கிறது என்றால் அதே மகிழ்ச்சி ஆத்திரமாகிறது. மார்த்தாண்டம் நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980களில் எங்கள் ஊரிலிருந்து முதல் ஆள் வளைகுடா போய் டேப்ரிகார்டரோடு இறங்கியபோது ஊரே கொண்டாடியது. அவர் தன் தம்பிக்கு விசா எடுப்பார், தம்பி மச்சானுக்கு எடுப்பார் என்ற நம்பிக்கை. சோவியத் ஆட்சி முடிந்து மாற்றம் நடந்துகொண்டிருந்த ரஷ்யாவில், தன்னைப் போன்றவர்களின் வருமானம் உயர்ந்தது மக்களுக்கு நிறைவையே தந்தது என்று செனிக் 2004இல் கண்டதும் இதே நம்பிக்கையால்தான். ரப்பர் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய 2011இல் குலசேகரம் பக்கம் எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் நகர்ந்தது. 2016 தொடக்கத்தில் அது 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தபோது, வெளிநாட்டுப் பணம் வந்த வீடும் வராத வீடும் தனித்தனியாகத் தெரிந்தன. உங்கள் வரிசை நின்றுவிட்டது என்ற எண்ணம்தான் உங்களை இப்போது வதைக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "ஒப்பிடாதே, இருப்பதில் நிறைவு கொள்" என்று நான் எல்லோருக்கும் சொல்லமாட்டேன். மார்ட்டின் ரவாலியனும் மைக்கேல் லோக்ஷினும் மலாவி நாட்டில் பார்த்தபோது, மிக ஏழைகளுக்கு ஒப்பீடு பெரிய கவலையாக இல்லை. கையில் என்ன இருக்கிறது என்பதே கவலை. அவர்களுக்குத் தேவை பணம், உபதேசம் இல்லை. முந்திரி ஆலையில் உட்கார்ந்து தோல் உரிக்கும் பெண், பக்கத்து ஆலையில் கூலி அதிகம் என்று சொல்வதும் இந்தக் கணக்கில் சேராது. அது நியாயம் கேட்பது. என் தொகுப்பூதியக் காலத்து வலியும் அப்படித்தான், அதை நான் தனியாக நூலகத்தில் விழுங்கியதுதான் தவறு. உங்கள் பள்ளியில் அதே தகுதிக்கு, அதே வேலைக்கு வேறொருவருக்கு அதிகம் தருகிறார்கள் என்றால் வாய் திறந்து கேளுங்கள். அந்த வலியை உள்ளேயே அடக்காதீர்கள்.

வெளிநாடு போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓடெட் ஸ்டார்க்கும் எட்வர்ட் டெய்லரும் மெக்சிகோ கிராமங்களில் கண்டது இது: அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும் முடிவில், ஒரு குடும்பம் எவ்வளவு ஏழை என்பதோடு, ஊரில் மற்றவர்களோடு பார்க்க எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்து வேலை செய்கிறது. எனவே உங்கள் ஆசையில் எவ்வளவு பங்கு தேவை, எவ்வளவு பங்கு சகலையின் மாடி என்று பிரித்துப் பாருங்கள். அதற்கு ஒரு வழி உண்டு. சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் 1998இல் ஹார்வர்டில் கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் வாங்கும் இடத்தில் உங்களுக்கு 50,000 வேண்டுமா, மற்றவர்கள் 2 லட்சம் வாங்கும் இடத்தில் உங்களுக்கு 1 லட்சம் வேண்டுமா? ஏறக்குறையப் பாதிப் பேர் குறைந்த தொகையைத் தேர்ந்தார்கள், மற்றவர்களைவிட மேலே இருக்கவேண்டும் என்பதற்காக. விடுமுறை நாட்களைப் பற்றி அதே மாதிரிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் தங்களுக்கு அதிக நாள் கிடைப்பதையே தேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு எத்தனை நாள் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவில்லை. மகளோடு மாலையில் இருக்கும் நேரத்தை நீங்கள் யாரோடும் ஒப்பிட்டதில்லை, கவனித்தீர்களா? விசாவின் விலையில் முதலில் போவது அதுதான்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணித ஆசிரியருக்கு நல்ல சம்பளமும் குடும்ப விசாவும் தரும் பள்ளிகள் அங்கே உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் குடும்பத்தோடு போங்கள். ஏஜென்ட் மூலம் என்றால், மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள்; அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஐந்து லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டு விலக வேண்டாம், அது உறவை முறிப்பதாகிவிடும்; அறிவிப்பை நிறுத்தி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பாருங்கள்.

சகலை டிசம்பரில் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிழாக் கூட்டம் அடங்கிய பிறகு ஒருநாள் அவரோடு முட்டம் கடற்கரைக்குப் போய் உட்காருங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டுக் கடன் இன்னும் எத்தனை ஆண்டு, அறையில் எத்தனை பேர், பிள்ளைகள் அவரோடு தொலைபேசியில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால், கிடைக்கும் வேலையின் சம்பளம், தங்குமிடம், ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.